கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு ஓய்வு எப்போது?

சிங்கப்பூரின் தேக்காவில் பஃபலோ ரோட்டில் இன்று நிற்பவருக்கு வாழையிலைக் கட்டும் மல்லிகைச் சரமும் காய்கறிக் கூடைகளும்தான் கண்ணில் படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது மாட்டு வியாபாரத்தின் இடம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சதுப்பில் புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்ததால் பட்டிகள் பெருகின. மாட்டு வணிகர் பெலிலியோசின் பெயரில் அங்கே இன்றும் ஒரு சாலை இருக்கிறது. சற்றுத் தள்ளி ரேஸ் கோர்ஸ் ரோடு. 1840களிலிருந்து 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் அந்தப் பக்கம்தான் இருந்தது. குதிரைக்காரர்களாக வேலை பார்த்தவர்களில் இந்தியரும் பவியான் தீவுக்காரரும் பலர். விலங்கைத் தொட்டுப் பிழைத்தவர்கள் கூடி உருவாக்கிய பேட்டை இது.

மாடுகள் போய்விட்டன. பன்றிப் பண்ணைகள் 1980களில் மூடப்பட்டன. குதிரைப் பந்தயமும் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் ஓடிய கடைசிப் பந்தயத்தோடு முடிந்தது. ஆனாலும் இந்த ஊருக்குக் கால்நடை மருத்துவர் எதற்கு என்று யாரும் கேட்க முடியாது. 2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் உரிமத்துடன் பூனை வளர்க்கலாம். நாய், பூனைகளைக் குடும்பத்தில் ஒருவராக நடத்தும் வீடுகள் நம் தமிழர்களிடையிலும் கூடிக்கொண்டே வருகின்றன. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 1999 மார்ச்சில், மலேசியப் பன்றிகளிடமிருந்து வந்த நிப்பா கிருமி சிங்கப்பூர் இறைச்சிக்கூட ஊழியர்கள் 11 பேரைத் தாக்கியது, ஒருவர் இறந்தார். உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டின் காவலில் கால்நடை மருத்துவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு தேவை இருந்தும், சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு இல்லை. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பப் பட்டயம் இருக்கிறது. மருத்துவராக வேண்டும் என்றால் கடல் கடந்தே ஆக வேண்டும். பெர்த்தில் மர்டோக், பிறகு மெல்பர்ன், சிட்னி, குவீன்ஸ்லாந்து. பிரிட்டன் பக்கம் எடின்பரோ, கிளாஸ்கோ, லண்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ். பொது மருத்துவம் படிக்கும் பிள்ளை சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து அம்மா கையால் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஐந்தாண்டுகளுக்குக் கிடையாது. அந்தப் பிள்ளைகளின் கட்டணத்தைப் பற்றியும் இடம் கிடைப்பதைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். அவர்கள் எப்போது இளைப்பாறுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் படிப்பின் கனத்தைச் சொல்ல வேண்டும். பொது மருத்துவம் படிப்பவர் ஓர் உடலைப் படிக்கிறார். இவர்களுக்கு நாய், பூனை, மாடு, குதிரை, ஆடு, பன்றி, கோழி, அதற்கு மேல் முயலும் கிளியும் ஆமையும். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. அதற்கு வரும் வயிற்றுவலி உயிருக்கே உலை வைக்கும். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்குத் தவறாகும் படிப்பு இது. மனப்பாடம் செய்து கடந்துவிடலாம் என்று போகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே திணறுகிறார்கள்.

விடுமுறை என்று நாட்காட்டியில் இருக்கும் நாட்களும் விடுமுறை அல்ல. பிரிட்டனில் படிப்பவர்கள் பட்டம் வாங்குவதற்குள், கல்லூரிக்கு வெளியே பண்ணைகளிலும் மருத்துவமனைகளிலுமாக 38 வாரம் பயிற்சி பெற வேண்டும் என்பது நெடுங்கால விதி. கொவிட் காலத்துக்குப் பிறகு அதைக் குறைத்திருக்கிறார்கள். குறைத்த பிறகும் மாதக் கணக்கில்தான் வருகிறது. அத்தனையும் பெரும்பாலும் விடுமுறையில்தான். ஆஸ்திரேலியாவிலும் பண்ணைப் பயிற்சி கட்டாயம். நம் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் பிரிட்டனில் செம்மறி ஆடுகள் குட்டி போடும் பருவம். மாணவர்கள் இரவெல்லாம் கொட்டகையில் இருப்பார்கள். தீபாவளி வரும்போது ஆஸ்திரேலியாவில் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிவிடும். பண்டிகைக்கு வீட்டில் இருக்க முடியாதது மட்டுமல்ல, பண்டிகை வந்து போனதே தெரியாமல் நாள் கழியும் படிப்பு.

என் அக்கா மகள் பெர்த்தில் படிக்கிறாள். வீவக அடுக்குமாடியில் வளர்ந்தவள். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவுக்குப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து கட்டுவார்களே, அந்த மாடுகளைத் தவிர வேறு மாட்டை அருகில் பார்த்தறியாதவள். முதலாண்டு விடுமுறையில் ஒரு பால் பண்ணைக்குப் போனாள். விடியற்காலை மூன்றரைக்கு எழ வேண்டும். ரப்பர் பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைத்து, கறவைக் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் வரிசையாக வந்து நிற்கும் மாடுகளின் காம்பைத் துடைத்து, முதல் பாலைக் கையால் பீய்ச்சித் திரிந்திருக்கிறதா என்று பார்த்து, கறவைக் கிண்ணங்களைப் பொருத்தி, கறந்து முடிந்ததும் ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசலில் நனைத்துவிட வேண்டும். முடித்துவிட்டு வந்தால் தொழுவத்தைக் கழுவுவது, கன்றுகளுக்குப் பால் கொடுப்பது. மாலையில் மறுபடியும் கறவை. முடியில் ஏறிய வாடை எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமை. அந்தப் பெருமையை நான் முழுமனதாக மதிக்கிறேன்.

பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் மணி ஒன்றே. அதனால் அக்கா ஞாயிறு இரவு சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் காணொளியில் அழைப்பாள். ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். "சாப்பிட்டியாம்மா? படிச்சியா? மருந்தியல் பரீட்சை ரிசல்ட் வந்திருச்சா?" மூன்று கேள்வியும் ஒரே மூச்சில். மகள் கைப்பேசியைச் சற்றுத் திருப்பினாள். மேசை மேல் விரித்து வைத்த குறிப்பேடு தெரிந்தது. படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அன்று பகல் முழுவதும் தோழிகளோடு கடற்கரையில் இருந்ததைப் பிறகு என்னிடம் தனியாகத்தான் சொன்னாள், "அம்மாகிட்ட சொல்லிராதீங்க மாமா" என்ற வேண்டுகோளோடு.

இருபது வயது தாண்டிய பெண். ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் கடலைப் பார்க்கப் போனதை ஒளிக்க வேண்டியிருக்கிறது. அக்காவைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. கட்டணத்துக்காக அவளும் அத்தானும் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் ஆண்டுக்குப் பல்லாயிரம் வெள்ளி. படிப்பு முடிவதற்குள் லட்சங்களில் போய் நிற்கும். அவ்வளவு பணத்தைக் கட்டிய வீட்டில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை தெரியத் தொடங்கிவிடுகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே பிள்ளைக்குப் புரிகிறது. பையனாக இருந்தால் தேசிய சேவையில் இரண்டு ஆண்டு ஏற்கெனவே போயிருக்கும். கூடப் படித்தவர்கள் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் குற்றவுணர்வுதான் அவர்களுடைய ஓய்வைக் கெடுக்கிறது. நேரமே இல்லை என்பது பாதி உண்மை. இருக்கும் கொஞ்ச நேரத்திலும் மனம் ஒப்பி இளைப்பாற முடியவில்லை என்பது மீதிப் பாதி. படிக்கவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை என்று கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகும் இரவுகள் அப்படித்தான் வருகின்றன. புத்தகத்தை மூடினால் தவறு செய்கிறோம் என்ற எண்ணம். திறந்தால் எழுத்து தலையில் ஏறுவதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கே படித்தது நினைவில் தங்கும் என்பது மருத்துவம் படிக்கும் அவர்களுக்கே பாடமாக வரும் செய்தி.

இதற்கு நம் ஊர் வளர்ப்பிலும் வேர் இருக்கிறது. தொடக்கநிலை ஆறாம் வகுப்புத் தேர்விலிருந்து நம் பிள்ளைகளுக்கு வார இறுதி என்றால் டியூஷன். பொழுதுபோக்குக்கும் அட்டவணை உண்டு. பரதநாட்டியம் கற்றால் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவுமா, இணைப்பாட நடவடிக்கைக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு பெற்றோர் மனத்தில் ஓடும். விலங்கு நலச் சங்கத்தில் தொண்டு செய்வதுகூடக் கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எழுத ஒரு வரியாகிவிடுகிறது. எதற்கும் கணக்கில் வராமல், நன்றாகச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லாமல் ஒரு காரியத்தைச் சும்மா செய்வது எப்படி என்று அவர்களுக்கு நாம் கற்றுத்தரவே இல்லை. பத்தொன்பது வயதில் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, நேரத்தைச் சமாளித்துக்கொள் என்கிறோம்.

இன்னொரு இழப்பும் உண்டு. வெளியே அதிகம் பேசப்படாதது. இந்தப் படிப்புக்குப் போகும் பெரும்பாலோர் சிறுவயதில் விலங்குகளோடு இருந்ததையே பெரிய மகிழ்ச்சியாகக் கொண்டவர்கள். நாயைக் கூட்டிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடப்பதுதான் அவர்களுடைய இளைப்பாறல். இரண்டு ஆண்டு படித்த பிறகு அதே நாயோடு நடந்தால், பின்னங்காலை ஏன் இழுக்கிறது, இடுப்பு மூட்டில் தேய்மானமா என்றுதான் பார்வை போகும். தொழிலாக மாறியதும் பழைய பொழுதுபோக்கு கைவிட்டுப் போகிறது. அதன் இடத்தில் வேறொன்றைத் தேடிக்கொள்ளாதவர்களுக்கு வேலைக்கு வெளியே ஒதுங்க இடமே இல்லாமல் போய்விடும். வகுப்புத் தோழர்களும் அதே நூறு, நூற்றைம்பது முகங்கள். ஐந்தாண்டும் ஒன்றாகவே இருப்பவர்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் பேச்சு முந்தைய நாள் பார்த்த நோயைப் பற்றித்தான்.

அதனால்தான் இவர்களுடைய ஓய்வில் பாதியாவது கால்நடை மருத்துவம் தெரியாதவர்களோடு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல்கலைக்கழகத்தின் பூப்பந்துக் குழுவோ, தமிழ்ச் சங்கத்தின் ஒத்திகையோ, கோவில் சமையலறையில் சாம்பார் கிளறுவதோ, எதுவானாலும் சரி. பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் புதன்கிழமைப் பிற்பகலை விளையாட்டுக்கென்று வகுப்பில்லாமல் விட்டுவைக்கும் பழைய வழக்கம் உண்டு. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் பலர் அந்தப் பிற்பகலை நூலகத்தில் கழிக்கிறார்கள். மருத்துவமனைப் பணி தொடங்கும் கடைசி ஆண்டில் அந்தப் புதன்கிழமையும் இருக்காது. கிடைக்கும் காலத்தில் அதை விளையாட்டுக்கே விட வேண்டும். படித்து மிச்சமிருந்தால் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் மிச்சம் ஒருநாளும் வராது. ஆய்வுக்கூட வகுப்புக்கு நேரம் ஒதுக்குவதுபோல வாரத்தில் ஓர் அரை நாளை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

கூடுதல் வருமானத்துக்காக வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்வரை வேலை செய்யலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக இந்தப் படிப்போடு அத்தனை மணி நேரமும் உழைத்தால் உடம்பு தாங்காது.

ஜேம்ஸ் ஹெரியட்டைப் படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அந்தப் புனைபெயரில் எழுதியவர் ஆல்ஃப் வைட். 1933இல் கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1939 டிசம்பரில்தான் தேறி வெளியே வந்தார். இடையில் தோற்ற பாடங்கள் உண்டு. கால்பந்தில் தீராத ஆசை அவருக்கு. யார்க்‌ஷயரின் தர்ஸ்க் ஊரில் மாட்டுக்கும் குதிரைக்கும் பிரசவம் பார்த்து வாழ்ந்தவர், ஐம்பது வயதுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தார். முதல் புத்தகம் 1970இல் வந்தது. உலகமெங்கும் எத்தனையோ பிள்ளைகளை இந்தப் படிப்பின் பக்கம் திருப்பிய எழுத்து அது. கல்லூரியில் கூடுதலாகச் செலவான மாதங்களைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. அந்த மனிதரும் 1960களின் தொடக்கத்தில் கடும் மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகிழ்ச்சியான கதைகளை எழுதியவரையும் இந்தத் தொழில் விட்டுவைக்கவில்லை.

அடுத்துச் சொல்வது கனமான செய்தி. சொல்லாமல் இருப்பது பொறுப்பாகாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையத்தின் ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களைப் பற்றியது. பொதுமக்களோடு ஒப்பிட்டால், தற்கொலையால் உயிர் இழக்கும் வாய்ப்பு பெண் கால்நடை மருத்துவர்களுக்கு 3.5 மடங்கு, ஆண்களுக்கு 2.1 மடங்கு அதிகம் என்று அது கண்டது. பிரிட்டனிலும் அதற்கு முன்பே இதேபோன்ற கவலை எழுந்திருந்தது. நீண்ட வேலை நேரம், படிப்புக் கடன், பிராணியின் உரிமையாளர்கள் காட்டும் கோபம், காப்பாற்ற வழி இருந்தும் பணம் இல்லாததால் உயிரைப் போகவிட வேண்டியிருப்பது என்று காரணங்கள் பல. எந்த ஒரு காரணத்தால் மட்டும் நடப்பதல்ல. எந்தத் தவறும் செய்யாமல் முதல் மாணவராகவே வர வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் அதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று இந்தப் படிப்பில் பெரும்பாலோர் பெண்கள். நம் வீட்டுப் பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

ஓய்வெடுத்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சம்பளமும் வேலை நேரமும் மாறாமல், ஓடு, விளையாடு, தியானம் செய் என்று மாணவரின் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவது நியாயமில்லை. ஆனால் இளைப்பாறுவதைக் குற்றமாக எண்ணி ஐந்தாண்டு பழகிய பிள்ளை, வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே நாளில் மாறிவிடாது. முடியாது என்று சொல்லவும், கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகவும், உதவி கேட்கவும் படிக்கும் காலத்திலேயே பழக வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஆலோசகர்கள் உண்டு. அவர்களிடம் போவதை நம் குடும்பங்களில் வெட்கமாகப் பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஊரில் இருக்கும்போது மனம் தாங்கவில்லை என்றால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.

இனி, ஊருக்குத் திரும்பும் விடுமுறை. ஆஸ்திரேலியாவில் படிப்பவர்கள் பெரும்பாலும் டிசம்பரில் வருகிறார்கள். வந்த மறுநாளே ஏதாவது ஒரு கிளினிக்கில் பயிற்சி. மாலையில் உறவினர் வீடு. உறவினர் வீட்டில் "எங்க பூனைக்குக் கண்ணுல தண்ணி வடியுது, கொஞ்சம் பாரேன்." முதலாண்டு மாணவிக்கு நோயாளியைப் பார்க்க உரிமை இல்லை என்பதும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இன்னும் சிலர், இவ்வளவு செலவழித்து மாட்டு டாக்டருக்கா படிக்க வைக்கிறீர்கள் என்று பிள்ளையின் முன்னாலேயே கேட்கிறார்கள். காலையிலிருந்து மாலைவரை நின்ற கால்களோடு வந்து உட்காரும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்கும் கிளினிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வரும் மாணவர்களை வரவேற்பதற்கு நன்றி. அது பெரிய உதவி. ஆனால் கற்க வந்தவரைக் கூடுதல் ஊழியராகக் கருதி இரவு ஒன்பது மணிவரை நிறுத்தி வைக்காதீர்கள். முதல் நாளிலேயே வந்து போகும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் முழுதாக விடுங்கள். உங்கள் மூத்த மருத்துவர்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போவதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால், அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இளைப்பாற இந்த ஊரில் இடத்துக்குக் குறைவில்லை. தேக்கா நிலையத்தில் காலைப் பசிக்குத் தோசை, புலாவ் ஊபினில் சைக்கிள், மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் நடை, விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தமிழ் நாவல். சுங்கை புலோவில் நீர்நாயைப் பார்த்தால் அதன் நோயைப் பற்றி யோசிக்காமல் அதன் விளையாட்டைப் பார்க்க ஒரு பிற்பகல் வேண்டும். எதுவுமே செய்யாமல் வீட்டில் படுத்துக் கிடந்தாலும் நல்லதே. தைப்பூசத்தன்று பால்குடம் தூக்கி சிராங்கூன் ரோட்டிலிருந்து தேங்க் ரோடுவரை நடக்க ஆசைப்பட்டால், பயிற்சி நாள் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு நடக்கட்டும்.

பெற்றோருக்குச் சொல்ல விரும்புவது இரண்டே. ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். தேறினாலும் தவறினாலும் பிள்ளையே சொல்லட்டும், இந்த வாரம் எங்கே போனாய், யாரோடு சிரித்தாய் என்று கேளுங்கள். டிசம்பரில் சாங்கியில் வந்து இறங்கும்போது, முதல் இரண்டு வாரத்துக்கு எந்தக் கிளினிக்கிலும் பெயர் கொடுத்து வைக்காதீர்கள்.